பழைய வானொலிக்குப் புத்துயிர்

மனிதன் செய்த கருவிகளுள் சில உழைத்துத் தேய்கின்றன. சில உழையாமலே கெடுகின்றன. ஏரும் வண்டியும் முதல் வகையைச் சேர்ந்தவை. பழைய வானொலிப் பெட்டியோ இரண்டாம் வகையையும் சேர்ந்தது. அதனைத் துணியால் மூடிப் பரண்மேல் வைத்துவிட்டாலும், ஒருவர் கையும் படாமலே அதன் உறுப்புகளுட் சில ஆண்டுதோறும் வலுவிழந்து வருகின்றன. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து வீட்டார் ஒருவர் அதனைக் கீழே இறக்கித் தூசு துடைத்து, "பாடுகிறதா பார்ப்போம்" என்று மின்சாரத்தோடு இணைக்கின்றார். பெட்டி சிறிது நேரம் உறுமுகின்றது, பின்னர்ப் புகைகின்றது. அதுவரை எளிதில் சீர்ப்படுத்தத் தக்கதாய் இருந்த பெட்டி, அச்சிறு பொழுதிற்குள் சீர்ப்படுத்த அரியதாகிவிடுகின்றது. முதுமையைக் காட்டிலும் அவசரத்தால் அழிந்த வானொலிகள் பல. ஆதலின், இத்தகைய பெட்டியைத் தொடுவதற்கு முன்னர் அதன் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

வால்வு வானொலியின் காலம்

இன்று சட்டைப்பையில் அடங்கும் வானொலி, 1950-களில் கூடத்தில் உயர்ந்த பலகைமேல் வீற்றிருந்தது. மரத்தாலோ பேக்கலைட்டாலோ செய்த பெட்டி. முகப்பில் துணி போர்த்த ஒலிபெருக்கி. நிலையங்களின் பெயர் பொறித்த கண்ணாடித் தகடு. சுவரின் இரு மூலைகளுக்கு இடையே கட்டிய ஏரியல் என்னும் செப்புக்கம்பி வலை. இவையே அதன் தோற்றமாகும். விசையைத் திருப்பியவுடன் அது பேசிவிடாது. உள்ளிருக்கும் வால்வுகள் சூடேறுவதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் வேண்டும். செய்தியறிக்கையின் வேளையிலும் இசையரங்கின் வேளையிலும் அண்டை அயலார் வந்து கூடியிருந்து கேட்பர்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் ஓர் இழை சூடேறும்போது, எதிர்மின்வாயிலிருந்து மின்னணுக்கள் வெளிப்பட்டு நேர்மின்வாயை நோக்கிப் பாய்கின்றன. இங்கிலாந்து நாட்டுப் பிளெமிங் என்பார் 1904-இல் இருமுனை வால்வை அமைத்தார். அமெரிக்கராகிய லீ டி பாரஸ்டு 1906-இல் அவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். வாய்க்காலின் சிறு மடை பெருநீரைக் கட்டுப்படுத்துவது போல, கம்பிவலையிற் சேரும் சிறு மின்னழுத்தம் குழலில் ஓடும் பெரு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. காதுக்கு எட்டாத மெல்லிய குறிகளையும் பெருக்கிக் காட்ட வழி பிறந்தது. 1918-இல் எட்வின் ஆர்ம்ஸ்டிராங் என்னும் அமெரிக்கர், நிலையம் எதுவாயினும் அதன் அலையை ஒரே அதிர்வெண்ணாக மாற்றிப் பெருக்கும் முறையை வகுத்தார். பிற்காலத்து வால்வு வானொலிகளிற் பெரும்பாலானவை இம்முறையைத் தழுவியவையே.

தமிழகத்தில் 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தோன்றின. இதனிடையே, அறிவியல் வேறொரு பாதையிலும் சென்றுகொண்டிருந்தது. 1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேறும் இழை வேண்டா. உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டா. 1954-இல் டிரான்சிஸ்டர் வானொலி அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வால்வு வானொலி வழக்கொழிந்தது. வால்வு செய்த தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அத்தொழிலைக் கைவிட்டன.

பெயரில் அமைந்த பொருள்

1950-களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஓர் ஐந்து வால்வு வானொலியைத் திறந்து பார்த்தால், ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80 என்னும் பெயர்களைக் காணலாம். இவை பொருளற்ற குறிகள் அல்ல. ஐரோப்பிய நிறுவனங்கள் வகுத்த இம்முறையில், முதலெழுத்தாகிய 'ஈ' அவ்வால்வின் இழைக்கு 6.3 வோல்ட்டு வேண்டும் என்பதைக் காட்டும். 'சி' மும்முனை வால்வையும், 'எஃப்' ஐம்முனை வால்வையும், 'பி' இரட்டை இருமுனை வால்வையும் குறிக்கும். 'எச்' என்பது பல கம்பிவலைகளை உடைய கலப்பி. 'எல்' ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றல் வால்வு. 'இசட்' மின்சாரத்தை ஒருவழிப்படுத்தும் திருத்தி. எண்பதுகளில் அமைந்த எண், ஒன்பது கால்களை உடைய அடிப்பாகத்தைச் சுட்டும். பெயரைப் படிக்க அறிந்தவர் வால்வின் தொழிலையும் அறிந்தவராவர்.

இவ்வைந்தும் ஒன்றுக்கொன்று துணையாய் நின்று உழைக்கின்றன. சென்னை நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வருவது. அதனைப் பெறத் திருகும்போது, முதல் வால்வு தன்னுள்ளேயே 1,175 கிலோ ஹெர்ட்ஸ் கொண்ட மற்றோர் அலையை உண்டாக்குகின்றது. இரண்டும் கலந்தபோது அவற்றின் வேறுபாடாகிய 455 கிலோ ஹெர்ட்ஸ் பிறக்கின்றது. வேறு நிலையத்திற்குத் திருகினால் உள்ளலையும் உடன் மாறும்; வேறுபாடு மட்டும் 455-ஆகவே நிற்கும். இரண்டாம் வால்வு அதனைப் பெருக்குகின்றது. மூன்றாம் வால்வு அதிலிருந்து ஒலிக்குரிய மின்னோட்டத்தைப் பிரித்து மேலும் பெருக்குகின்றது. நான்காம் வால்வு அதற்கு வலிமை தந்து, மின்மாற்றி வழியாக ஒலிபெருக்கியை அசைக்கின்றது. ஐந்தாம் வால்வு வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி ஏனைய நான்குக்கும் உணவு போல ஊட்டுகின்றது.

முதுமையின் அறிகுறிகள்

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவற்றுள் முதலில் கெடுவது எது? பலரும் வால்வையே ஐயுறுகின்றனர். கண்ணாடி உடையாமலும் இழை அறாமலும் இருப்பின், பெரும்பாலான வால்வுகள் நெடுங்காலம் கெடாது நிற்பவை. முதலில் கெடுபவை மின்தேக்கிகளே.

கடைத்தெருவில் கண்டென்சர் என வழங்கும் இம்மின்தேக்கிகள் அக்காலத்தில் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இடையே காகிதத்தை வைத்துச் சுருட்டி, மெழுகு பூசிச் செய்யப்பட்டன. நாளடைவில் மெழுகு பிளவுபடும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் கசியத் தொடங்கும். நீர்மம் ஊறிய மற்றொரு வகை மின்தேக்கிகள் உண்டு. அவை திருத்தி தரும் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்பவை. அவற்றின் நீர்மம் உலர்ந்தால் சமன் செய்யும் ஆற்றல் குறைந்து, நொடிக்கு 100 முறை அதிரும் உறுமல் ஒலிபெருக்கியில் எழும். கரியால் செய்த மின்தடைகளோ காலப்போக்கில் தம் அளவினும் மிகுகின்றன. 2,20,000 ஓம் எனக் குறித்தது 3,00,000 ஓமுக்கும் மேலாகக் காட்டுதல் அரிதன்று. ரப்பர் உறையிட்ட கம்பிகள் நொறுங்கிச் செம்பு வெளித்தெரியும். மைக்காவால் ஆகிய மின்தேக்கிகள் பெரும்பாலும் கெடாதிருக்கும்.

சிறு கசிவும் பெருங்கேடும்

இவ்வுறுப்புகளுள் ஒன்று மட்டும் தனியே கருதத்தக்கது. மூன்றாம் வால்வுக்கும் நான்காம் வால்வுக்கும் இடையே ஓர் இணைப்பு மின்தேக்கி உண்டு. அது மூன்றாம் வால்வின் நேர்மின்வாயில் உள்ள 100 வோல்ட்டு அளவான நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலிக்குரிய மாறுமின்னோட்டத்தை மட்டும் அடுத்த வால்வின் கம்பிவலைக்கு விடுகின்றது. சல்லடை உமியை நிறுத்தி மாவை விடுவது போன்றது இத்தொழில்.

அம்மின்தேக்கியில் கசிவு தோன்றிவிட்டது என்று கொள்வோம். அதன் கசிவுத்தடை 2 கோடி ஓம் என்க. இஃது ஒரு பேரெண்ணாகத் தோன்றலாம். எளிய அளவுமானியின் முள் இதற்கு அசைவதும் அரிது. ஆயினும், கம்பிவலையைத் தரையோடு இணைக்கும் மின்தடை 10 இலட்சம் ஓம் ஆயின், 100 வோல்ட்டில் 21-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 5 வோல்ட்டு, கம்பிவலையில் வந்து சேரும்.

ஈ.எல். 84 வால்வின் கம்பிவலை, எதிர்மின்வாயைவிட 7 வோல்ட்டு அளவு தாழ்ந்திருக்க வேண்டுவது. அப்போது 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடும். இவ்விரண்டையும் பெருக்கின் 12 வாட்டு ஆகும். அவ்வால்வு தாங்கும் எல்லையும் அதுவே. கசிந்து வந்த 5 வோல்ட்டு அக்காவலைக் குலைத்தால் மின்னோட்டம் எல்லை கடந்து ஓடுகின்றது. நேர்மின்வாய்த் தகடு சிவக்கின்றது, வால்வு பாழாகின்றது, ஒலிபெருக்கியின் மின்மாற்றிச் சுருள் அறுகின்றது, திருத்தியும் தளர்கின்றது. சில ரூபாய் விலையுள்ள ஓர் உறுப்பின் சிறு கசிவு, எளிதிற் கிடைக்காத மூன்று உறுப்புகளைக் கொன்றுவிடுகின்றது. பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போதே இக்கேடு நிகழக்கூடும் என்பதையும் கருதுதல் வேண்டும். ஆதலின் தேர்ந்த பணியாளர் மின்சாரத்தைச் செலுத்துவதற்கு முன்னரே அவ்விணைப்பு மின்தேக்கியை மாற்றிவிடுகின்றனர்.

உயிர்க்காவல்

பெட்டிக்கு நேரும் கேட்டினும் பெரிது பணிசெய்வோர்க்கு நேரக்கூடிய கேடு. இவ்வானொலிகளில் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் நேர்மின்னழுத்தம் உண்டு. விசையை நிறுத்தி, இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் மின்தேக்கிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். சில ஆயிரம் ஓம் கொண்ட மின்தடை வழியாக அதனை வடித்து, எஞ்சியது ஒன்றுமில்லை என்று அளவுமானியால் தெளிந்த பின்னரே உள்ளே கைவைத்தல் தகும்.

வேறொரு வகைப் பெட்டி இன்னும் கொடியது. அதன் வால்வுகளின் பெயர் 'யூ' என்னும் எழுத்தில் தொடங்கும். மின்மாற்றியின்றி, நேர்மின்னோட்டத்திலும் மாறுமின்னோட்டத்திலும் இயங்குமாறு செய்யப்பட்டது அது. அதன் வால்வுகளின் இழைகள் திருவிழாச் சரவிளக்கு போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓர் இழை அறுந்தாலும் எல்லாம் அணைந்துவிடும். அதன் இரும்புத் தட்டு வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு நேரே இணைந்தது. செருகியை மாற்றிச் செருகினால் தட்டு முழுவதும் உயிர்க்கம்பியாகும். பிரிப்பு மின்மாற்றி இன்றி அத்தகைய பெட்டியைத் திறந்து இயக்குதல் கூடாது. மாணவர் இப்பணியில் ஆர்வமுடையராயின், அனுபவம் மிக்க ஒருவர் அருகிருந்து வழிகாட்டும்போதன்றித் தனித்துச் செய்தல் ஆகாது.

பழுது காணும் முறை

நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்தை எடுப்பதில்லை. முதலில் நோய் இன்னதென்று நாடுகின்றார். வானொலிப் பணியும் அவ்வாறே தொடங்குதல் வேண்டும். முதலில் கண்ணே கருவி. தூசு துடைத்தல், எரிந்த தடத்தைக் காணல், வால்வின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு உளதா என நோக்கல் முதலியன இங்கு அடங்கும். அப்பூச்சு பால்வெண்மையாக மாறியிருப்பின், காற்று புகுந்து வால்வு பயனற்றதாயிற்று எனத் தெளியலாம்.

அடுத்தது மின்னூட்டாத அளவீடு. மின்மாற்றிகளின் சுருள்கள் அறாமல் உள்ளனவா, மின்தடைகள் தம் அளவில் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அளந்து தாளிற் குறித்தல் வேண்டும். காகித மின்தேக்கிகளையும் உலர்ந்த மின்தேக்கிகளையும் ஒருசேரக் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, வரைபடத்தோடு ஒப்பிட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்வது முறை. பத்துக் கம்பிகளை ஒரே பொழுதில் கழற்றியவர், எது எங்கிருந்தது என்று அறியாது திகைப்பர்.

மின்சாரத்தை முதன்முதல் செலுத்தும்போது, 60 வாட்டு இழை விளக்கு ஒன்றைப் பெட்டிக்குத் தொடராக இணைத்தல் பணியாளர் கைக்கொள்ளும் எளிய தந்திரம். உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரியும். மின்னழுத்தத்தின் பெரும்பகுதி விளக்கிலேயே நின்றுவிடுவதால் பெட்டி பிழைக்கும். குறையில்லையாயின், விளக்கு முதலில் ஒளிர்ந்து, இழைகள் சூடேறச் சூடேற மங்கும். இவ்விளக்கு பெட்டியைக் காக்குமேயன்றி, தொடுபவரைக் காவாது என்பதை மறத்தலாகாது.

அதன்பின்னும் ஒலி எழவில்லையாயின், ஒலிபெருக்கியிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். மெல்லிய ஒலிக்குறி ஒன்றை நான்காம் வால்வின் கம்பிவலையிற் செலுத்தினால் ஓசை கேட்கின்றதா? கேட்பின், குறை அதற்கு முன்னே உள்ளது. மூன்றாம் வால்விற் செலுத்தினால் கேட்கின்றதா? அவ்வாறே 455 கிலோ ஹெர்ட்ஸ் அலையை இரண்டாம் வால்விலும், பின்னர் முதல் வால்விலும் செலுத்திக் காணலாம். எவ்விடத்தில் ஓசை அறுகின்றதோ அவ்விடத்திலேயே பழுது உள்ளது. இம்முறையைக் கைக்கொள்வோர் நல்ல உறுப்பை வீணே கழற்றுவதில்லை. சுருள்களின் நடுவேயுள்ள திருகுகளைத் தொடக்கத்திலேயே திருப்பிப் பார்ப்பது பெரும்பிழை. அவை தொழிற்சாலையில் நுட்பமாக அமைக்கப்பட்டவை, எளிதில் நொறுங்குபவை. ஏனைய குறைகள் யாவும் நீங்கிய பின்னரே, தக்க கருவி கொண்டு அவற்றைச் சரிபார்க்கலாம்.

கிடைக்காத உறுப்புக்கு மாற்று

வழக்கொழிந்த உறுப்புகளுக்கு எங்கே போவது? மின்தேக்கியைப் பொறுத்தவரை இடரில்லை. மெழுகுக் காகிதத்திற்கு மாற்றாக இக்காலத்துப் பிளாஸ்டிக் ஏட்டு மின்தேக்கிகள் உள்ளன. 0.05 மைக்ரோ பாரடு என்னும் பழைய அளவு இன்று இல்லை, 0.047 அதன் இடத்தை நிரப்பும். தாங்கும் மின்னழுத்தம் மட்டும் பழையதிற் குறைதலாகாது. சமன் செய்யும் மின்தேக்கியிலோ, மிகையும் தீங்கு தரும். இன்று சிறிய உருவில் பெரிய அளவு கிடைக்கின்றது என்று கருதி, 50 இருந்த இடத்தில் 220 மைக்ரோ பாரடு இட்டால், அதனை நிரப்பப் பாயும் மின்னோட்டம் ஈ.இசட். 80 வால்வின் ஆற்றலுக்கு மிஞ்சியதாகும். அவ்வால்வுக்கு 50 மைக்ரோ பாரடே எல்லை எனச் செய்தோர் வரையறுத்துள்ளனர்.

வால்வுகளின் நிலை வேறு. ஈ.எல். 84 போன்ற சில, கித்தார் இசைக்குரிய ஒலிபெருக்கிகளில் இன்றும் பயன்படுவதால், ஒரு சில நாடுகளில் புதியனவாகச் செய்யப்படுகின்றன. ஈ.சி.எச். 81 போன்ற கலப்பி வால்வுகளை நாடுவோர் பழைய இருப்பையும், பிறிதொரு பெட்டியிற் கழற்றியதையுமே நம்ப வேண்டியுள்ளது. ஆதலின் ஒவ்வொரு நல்ல வால்வும் ஒரு சேமிப்பாகும். ஐயத்தின் பேரில் அதனைத் தூக்கியெறிவது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

சிலர் பெட்டியின் உட்புறம் முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிய சிறு கருவியை வைத்து, வெளித்தோற்றத்தை மட்டும் காக்கின்றனர். அது பாடக்கூடும், ஆயினும் அது பழைய வானொலி ஆகாது. பிளெமிங்கும் ஆர்ம்ஸ்டிராங்கும் கண்ட நெறி இயங்கும் நிலையில் கண்முன் நிற்க வேண்டுமாயின், அவ்வால்வுகளே ஒளிர்தல் வேண்டும். மாற்றிய உறுப்புகள் இவை, மாற்றிய ஆண்டு இது, அளந்த மின்னழுத்தங்கள் இவை என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியினுள் ஒட்டி வைப்பது நேர்மையான பணியாளரின் வழக்கம். அடுத்துத் திறப்பவர் யாராயினும் அவருக்கு அது வழிகாட்டும்.

காலத்தோடு ஒரு போட்டி

இப்பணிக்கு மற்றோர் இடரும் உண்டு. பெட்டியைச் செம்மை செய்தாலும், அது பெறுதற்குரிய ஒலிபரப்பு நிலைத்திருத்தல் வேண்டும். ஐரோப்பாவில் மத்திய அலை நிலையங்கள் பல மூடப்பட்டன. ஜெர்மனியின் நாடளாவிய வானொலி நிலையமாகிய டாய்ச்லாண்ட் பங்க் 2015 டிசம்பர் 31-ஆம் நாளோடு தன் மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்திற்று. அங்குள்ள ஆர்வலர் சிலர், ஓர் அறைக்குள் மட்டும் எட்டும் சிற்றாற்றல் அலையியற்றிகளை அமைத்துத் தம் பெட்டிகளை ஒலிக்கச் செய்கின்றனர்.

உறுப்புகள் அருகி வருதல் போலவே அவற்றை அறிந்தோரும் அருகி வருகின்றனர். வால்வு வானொலி நாள்தோறும் கடைக்கு வந்த காலத்தில் தொழில் கற்றவர்கள் இன்று முதியவர்கள். ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் அவர்தம் தேர்ச்சியிற் பெரும்பகுதி நூல்களில் எழுதப்படாதது. தீர்ந்துபோன வால்வை என்றேனும் ஒரு தொழிற்சாலை மீண்டும் செய்தல் கூடும். கற்பார் இன்றி மறைந்த கைத்திறனை எந்தத் தொழிற்சாலையும் செய்து தர இயலாது. ஆகவே, பரண்மேல் கிடக்கும் பழைய பெட்டியைக் காண்பவர் அதன் விசையைத் திருப்ப விரையாமல், அதனை அறிந்த முதியவர் ஒருவரை முதலில் தேடிச் செல்லுதல் நன்று. பெட்டி இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். அம்முதியவரிடம் கற்பதற்குரிய காலமே குறுகியது.